எல்லையோர மலை ஊருக்கு டவரும் கேபிளும்: அரசு நிதியைக் கொண்டுவரும் வழி

"எங்கள் ஊரில் சிக்னல் இல்லை, டவர் அமைத்துத் தரவும்" என்ற ஒரு வரி மனு கூடலூர், வால்பாறை, போடிப் பக்கத்து மலை ஊர்களில் எல்லோருக்கும் பழக்கமானது. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுப்பார்கள், ரசீதும் கிடைக்கும். சில வாரம் கழித்து, உங்கள் கிராமம் ஏற்கெனவே சேவை உள்ள கிராமம்தான் என்று பதில் வரும். பெரும்பாலான மனுக்கள் அதோடு முடிந்துவிடுகின்றன. மத்திய அரசிடம் இதற்கென்று தனி நிதி இருக்கிறது, திட்டமும் இருக்கிறது. ஊர் விடுபட்டுப் போவது, திட்டத்துக்காகப் போடும் கிராமப் பட்டியலில்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியலை உடைப்பதைப் பற்றியே இருக்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிக்கட்டிய மொத்த வருவாயில் 5 சதவீதத்தை உரிமக் கட்டணத்தின் ஒரு பகுதியாக அரசுக்குச் செலுத்துகின்றன. லாபம் வராத ஊர்களுக்கும் சேவை போக வேண்டும் என்பதற்காக எடுக்கப்படும் தொகை இது. 2002 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த உலகளாவிய சேவைக் கடமை நிதிதான், 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர் மாறியது. அதற்கான நிர்வாக விதிகள் 2024 ஆகஸ்ட் 30 அன்று வெளியாகின.

இந்தப் பணம் ஊராட்சிக்கோ தனி ஆளுக்கோ வராது. சேவை தருகிற நிறுவனத்துக்குத்தான் போகும். டவர் போடும் செலவும், போட்ட பின் சில ஆண்டுகளுக்கு அதை ஓட்டும் செலவும் அதில் அடங்கும். ஊர் செய்யக்கூடியது, தன் பெயரைப் பட்டியலில் ஏற்றுவதும் நிலம், மின்சாரம், அனுமதி ஆகியவற்றில் முட்டுக்கட்டை வராமல் பார்த்துக்கொள்வதும் மட்டுமே.

அதனால் "உங்கள் நிலத்தில் டவர் போடுகிறோம், மாத வாடகை இவ்வளவு, என்.ஓ.சி. கட்டணத்தை முன்பணமாக அனுப்புங்கள்" என்று யார் போன் செய்தாலும் வைத்துவிடுங்கள். டவருக்காக நில உரிமையாளரிடம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயோ தொலைத்தொடர்புத் துறையோ எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை, தடையின்மைச் சான்றும் கொடுப்பதில்லை. டவர் கேட்டு மனுப் போட்ட செய்தி பரவியதும் இப்படிப்பட்ட அழைப்புகள் வரலாம். கிராம சபையிலேயே சொல்லி வையுங்கள்.

எந்தத் திட்டத்தில் கேட்பது

மொபைல் சிக்னலுக்கு: 4ஜி நிறைவுத் திட்டம். 2022 ஜூலை 27 அன்று மத்திய அமைச்சரவை ரூ.26,316 கோடிக்கு ஒப்புதல் தந்தது. இலக்கு 24,680 சேவையற்ற கிராமங்கள். அதோடு புதுக் குடியிருப்புகள், மறுகுடியமர்வு, இருந்த சேவையை நிறுவனம் நிறுத்திக்கொண்ட இடங்கள் ஆகியவற்றுக்காக 20 சதவீதம் கூடுதல் கிராமங்களைச் சேர்க்க இடம் வைத்திருக்கிறார்கள். வேலையைச் செய்வது பி.எஸ்.என்.எல். மனுவில் அந்த 20 சதவீதத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஓடிக்கொண்டிருந்த டவரை அணைத்துவிட்ட ஊர்களுக்கு இந்த வாசல் நேராகவே பொருந்தும்.

கேபிள் இன்டர்நெட்டுக்கு: பாரத்நெட். 2011-இல் தேசிய ஒளியிழை வலையமைப்பு என்று தொடங்கியது. திருத்திய திட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் ரூ.1,39,579 கோடி ஒதுக்கப்பட்டது. ஊராட்சி வரை கேபிள் என்பது அடிப்படை. அதற்கு அப்பால் உள்ள கிராமங்களுக்குக் கேட்டால் தருவது என்பது புதிய ஏற்பாடு. தமிழ்நாட்டில் இதை டான்ஃபிநெட் என்ற தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் பார்க்கிறது. இடுக்கி, பாலக்காட்டுத் தமிழர்கள் கேரளத்தின் கே-ஃபோனையும், சித்தூர் பக்கம் இருப்பவர்கள் ஆந்திர ஃபைபர்நெட்டையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும். அவை மாநில அரசின் வலைகள், மனுவும் தனி.

முதல் வேலை: உங்கள் ஊர் எதற்குள் எண்ணப்பட்டிருக்கிறது

திட்டப் பட்டியல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கிராமத்தை வைத்துப் போடப்படுகிறது. 2011 கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்கக் குறியீடு உண்டு. உங்கள் குடியிருப்புக்குத் தனிக் குறியீடு இருக்கிறதா, அல்லது பெரிய வருவாய்க் கிராமம் ஒன்றுக்குள் அடங்கிவிட்டதா என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சமவெளியில் இது பெரிய விஷயமில்லை. மலையில் எல்லாம் இதில்தான் இருக்கிறது. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் பல எஸ்டேட், பல பாடி (தொழிலாளர் குடியிருப்பு), இடையிடையே பணியர், குரும்பர் குடியிருப்புகள் என்று மைல் கணக்கில் பரந்து கிடக்கும். பஸ் நிற்கும் கடைவீதியில் ஒரு டவர் இருந்தால் போதும், மொத்தக் கிராமமும் 'சேவை உள்ளது' ஆகிவிடும். மலை மடிப்புக்குப் பின்னால் இருக்கும் நாற்பது வீடு கணக்கிலேயே வராது.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. வால்பாறை ஒரு நகராட்சி. நெல்லியாளம் நகராட்சி. தேவர்சோலையும் ஓவேலியும் பேரூராட்சிகள். சுற்றிலும் தேயிலையும் காடும்தான், ஆனால் காகிதத்தில் நகரம். ஊராட்சிகளுக்கான பாரத்நெட்டும் கிராமங்களுக்கான 4ஜி பட்டியலும் இந்த இடங்களைத் தாண்டிப் போய்விடும். சேரங்கோடு, ஸ்ரீமதுரை, முதுமலை போன்ற ஊராட்சிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நீங்கள் நகராட்சிக்குள் இருந்தால் மனுவை வேறு மாதிரி எழுத வேண்டும். 2023 சட்டத்தின் 25-ஆவது பிரிவு, சேவை குறைந்த ஊரகம், தொலைதூரம் ஆகியவற்றோடு நகர்ப்புறப் பகுதிகளுக்கும் நிதியைப் பயன்படுத்தலாம் என்கிறது. பிரிவு எண்ணோடு அந்த வரியை மேற்கோள் காட்டுங்கள். 'நகரம்' என்று தட்டிக்கழிக்க அப்புறம் இடம் குறைவு.

மூன்றாவது சிக்கல் எல்லையோரத்துக்கே உரியது. போனில் இரண்டு கோடு தெரிகிறது, ஆனால் அது கேரளத்து வயநாட்டு டவரோ மறையூர் டவரோ ஆக இருக்கும். இந்தியாவுக்குள் ரோமிங் கட்டணம் இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்ட (தாலுகா அல்ல, மாநில அளவிலான பிரிவு) அதிகாரிக்கோ அந்த டவர் தன் கணக்கில் இல்லை. புகார் கொடுத்தால் இரண்டு வட்டத்துக்கும் நடுவே அலையும்.

எந்த டவர் என்று கண்டுபிடிப்பது எளிது. செல் தகவல் காட்டும் செயலி ஒன்றை ஆண்ட்ராய்டு போனில் போட்டால் நெட்வொர்க் குறியீட்டு எண் தெரியும். பி.எஸ்.என்.எல்.லுக்குத் தமிழ்நாடு 404-80, கேரளம் 404-72, ஆந்திரம் 404-73. ஏர்டெல்லுக்குத் தமிழ்நாடு 404-94, கேரளம் 404-95, ஆந்திரம் 404-49. இந்த எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், 'சேவை உள்ளது' என்ற பதிலுக்கு அதைவிட வலுவான மறுப்பு இல்லை.

சிக்னலை அளப்பது

டிராயின் 2024 சேவைத்தர விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் சேவைப் பரப்பு வரைபடம் போட வேண்டும். முதலில் அதில் உங்கள் ஊர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் நிறம் இருந்து, நேரில் சிக்னல் இல்லையென்றால் அது உங்களுக்குச் சாதகம்தான்.

அளவுக்குத் தனிக் கருவி தேவையில்லை. போன் அமைப்புகளில் 'போனைப் பற்றி', அதற்குள் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் அளவு டி.பி.எம். கணக்கில் இருக்கும். எதிர்மறை எண், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. 4ஜியில் −95க்கு மேல் இருந்தால் தாராளம். −110க்குக் கீழே போனால் வீட்டுக்குள் பேச முடியாது. −120 பக்கம் வந்தால் கோடு தெரிந்தாலும் அழைப்பு நிற்காது. 2ஜி அளவை இதோடு ஒப்பிடாதீர்கள், அது வேறு கணக்கு. எந்தத் தலைமுறை என்பதை ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள்.

அளக்கும் இடங்கள்: ரேஷன் கடை, பள்ளி, அங்கன்வாடி, கோயில் அல்லது சர்ச் முகப்பு, குடியிருப்பின் கடைசி வீடு. ஒவ்வொரு இடத்திலும் காலை, மதியம், இரவு என மூன்று வேளை. அளப்பதற்கு முன் விமானப் பயன்முறையைப் போட்டு எடுங்கள். இல்லையென்றால் மேட்டில் பிடித்த பழைய அளவு கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமத்தில் ஐந்து இலக்கம் வரை குறியுங்கள். ஒரு வரி இப்படி இருந்தால் போதும்: "ரேஷன் கடை வாசல், காலை 7.10, பி.எஸ்.என்.எல்., 2ஜி, −107, அழைப்பு இணையவில்லை."

ரேஷன் கடையைச் சும்மா சேர்க்கச் சொல்லவில்லை. விரல் ரேகை இயந்திரம் சிக்னல் இல்லாமல் நிற்பது அரசின் சொந்த வேலை நிற்பது. 108-ஐ அழைக்க எவ்வளவு தூரம் மேடேற வேண்டியிருக்கிறது என்பதும் அப்படித்தான். பிள்ளைகளின் ஆன்லைன் பாடத்தைவிட இந்த இரண்டும் கோப்பை வேகமாக நகர்த்தும். கசப்பான உண்மை, ஆனால் பயன்படுத்திக்கொள்ள வேண்டியது.

நிலமும் மின்சாரமும்: வேலை சிக்கும் இடம்

பட்டியலில் பெயர் ஏறிய பிறகும் ஆண்டுக்கணக்கில் டவர் வராத ஊர்களில் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. மனு கொடுக்கும்போதே இடத்தையும் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தரையில் நிற்கும் டவருக்கு வழக்கமாக ஐந்து சென்ட் அளவு, சுமார் 200 சதுர மீட்டர் தேவைப்படும். மேடாக இருப்பது மட்டும் போதாது. டவருக்கு வெளியுலகத் தொடர்பு கேபிளில் வர வேண்டும், இல்லையென்றால் மைக்ரோவேவ் தட்டு வழியாக இன்னொரு டவரை நேர்ப்பார்வையில் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு முகடோ சில்வர் ஓக் வரிசையோ நின்றால் அந்த இடம் உதவாது. இரண்டும் முடியாத இடத்தில் செயற்கைக்கோள் இணைப்பு கொடுப்பார்கள். பேசலாம், வீடியோவுக்கு எதிர்பார்க்காதீர்கள். அதனால் இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக் கொடுங்கள். சிமெண்ட், இரும்பு ஏற்றிய லாரி எதுவரை வரும் என்பதையும் எழுதுங்கள்.

இடம் யாருடையது என்பது அடுத்தது. புறம்போக்கு என்றால் வருவாய்த் துறையே ஒதுக்கலாம், இதுதான் எளிது. எஸ்டேட் நிலம் என்றால் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். நிலமே அரசிடம் குத்தகைக்கு எடுத்ததாக இருந்தால் எஸ்டேட் மேலாளரின் கையெழுத்து மட்டும் செல்லாது. கூடலூர்ப் பக்கம் 1969 ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு நிலங்களைக் கைகாட்டவே வேண்டாம். உரிமை தீராத நிலத்தில் பட்டா கிடையாது, மின் இணைப்பும் சிக்கும். நல்ல மேடு என்று ஆசைப்பட்டு அங்கே குறித்துக் கொடுத்தால் கோப்பு அங்கேயே உறைந்துவிடும். மூணாறு சுற்றுவட்டத்தில் கட்டுமானத்துக்கு வருவாய்த் துறையின் என்.ஓ.சி. தனியாக வேண்டும்.

காட்டு நிலம் என்றால் டவருக்கு வன (பாதுகாப்பு) சட்டத்தின்கீழ் பரிவேஷ் என்ற மத்திய அரசின் அனுமதி இணையதளத்தில் நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும். ஆனைமலை, முதுமலை, ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை போன்ற புலிகள் காப்பகங்களுக்குள் வனவிலங்கு வாரியத்தின் பார்வைக்கும் போகும். பழங்குடி ஊர்களுக்கு ஒரு குறுக்குவழி சட்டத்திலேயே உண்டு. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, அரசு நிர்வகிக்கும் 13 வகை வசதிகளுக்குக் காட்டு நிலத்தை விடலாம் என்கிறது. மின் கம்பிகளும் தொலைத்தொடர்பு லைன்களும் அதில் ஒரு வகை. நிபந்தனைகள்: ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். சட்டம் சொல்வது 'லைன்'. எனவே கேபிளுக்கும் டவருக்கான மின்கம்பிக்கும் இதைத் தயங்காமல் கேளுங்கள். டவரைக் குடியிருப்பின் பட்டா நிலத்தில் வைத்து, அங்கே வரும் கம்பிகளை மட்டும் 3(2)-இல் கொண்டுவருவது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

மின்சாரத்தில் தூரம்தான் கேள்வி. கடைசி மின்கம்பத்திலிருந்து இடம் எத்தனை மீட்டர், நடுவில் காடு உண்டா என்று அளந்து எழுதுங்கள். காடு குறுக்கே வந்தால் மின்வாரியம் வனத் துறைக்குக் கடிதம் எழுதும், வனத் துறை விளக்கம் கேட்கும், டவர் துருப்பிடிக்கும். சோலார் கேளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் மூட்டம் விலகாத மலையில் பேட்டரி முழுதாக ஏறாது.

தீர்மானம், மனு, பின்தொடர்தல்

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வருகை இருக்க வேண்டும். கேரளத்தில் வார்டு வாரியாக, பத்து சதவீத வாக்காளர்கள். நகராட்சிப் பகுதியில் மன்றத் தீர்மானம் வாங்குங்கள்.

தீர்மானத்தில் குடியிருப்பின் பெயர், கணக்கெடுப்புக் குறியீடு, வீடுகளின் எண்ணிக்கை, இடத்தின் சர்வே எண், நில உரிமையாளரின் சம்மதம் ஆகியவை இருக்கட்டும். "டவர் அமைக்க அரசைக் கேட்டுக்கொள்கிறது" என்பதோடு நிறுத்தாமல், "இக்குடியிருப்பு சேவையுள்ள கிராமத்துக்குள் தவறாக எண்ணப்பட்டுள்ளது, களஆய்வு செய்து 4ஜி நிறைவுத் திட்டத்தின் கூடுதல் பட்டியலில் சேர்க்கவும்" என்று எழுதுங்கள். களஆய்வு கேட்பது முக்கியம். பதில் எழுத வேண்டுமானால் அவர்கள் யாரையாவது அனுப்பியாக வேண்டும்.

டவர் கதிர்வீச்சு பற்றி ஊருக்குள் பயம் இருந்தால் அதைக் கிராம சபையிலேயே பேசித் தீர்த்துவிடுங்கள். பாதி எழும்பிய டவரை மறிப்பது இரு தரப்புக்கும் நஷ்டம்.

மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். மத்திய, மாநில அரசுகளின் எந்த அதிகாரிக்கும், அங்கே வழங்கும் மொழியில் குறை தெரிவிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு தருகிறது. இருந்தாலும் கோப்பு டெல்லிக்குப் போகும் என்பதால் ஒரு பக்கம் ஆங்கிலச் சுருக்கம் இணைப்பது நல்லது.

மனுவின் நகல்கள் நான்கு போக வேண்டும்: மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, பி.எஸ்.என்.எல். மாவட்டப் பொது மேலாளருக்கு ஒன்று, தொலைத்தொடர்புத் துறையின் மாநில உரிமப் பகுதி அலுவலகத்துக்கு ஒன்று, எம்.பி.க்கு ஒன்று. எம்.பி. தலைமையில் கூடும் திஷா குழுவில் மத்தியத் திட்டங்கள் எல்லாம் ஆய்வுக்கு வரும். அடுத்த கூட்டத்துக்குப் பொருளாக வைக்கும்படி அவருடைய அலுவலகத்தில் கேளுங்கள். எம்.பி. நாடாளுமன்றத்தில் எழுத்துக் கேள்வியாகப் போட்டால் மாவட்ட வாரிப் பட்டியலே பதிலாக வெளிவரும்.

ஒரு மாதம் பொறுத்து சி.பி.கிராம்ஸ் என்ற மத்திய அரசின் குறைதீர் இணையதளத்தில் தொலைத்தொடர்புத் துறைக்குப் புகார் பதியுங்கள். 2024 வழிகாட்டுதலின்படி 21 நாளில் தீர்க்க வேண்டும். அவசர அவசரமாக முடித்துவிட்டால் மேல்முறையீடு என்ற பொத்தானை விடாதீர்கள்.

அப்புறம் ஆர்.டி.ஐ. கட்டணம் ரூ.10, வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு இலவசம், 30 நாளில் பதில். "ஏன் டவர் இல்லை" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தக் குறியீடு கொண்ட கிராமம் சேவை உள்ளது எனக் குறிக்கப்பட்ட பட்டியலின் நகல், அப்படிக் குறிக்க அடிப்படையான டவரின் அடையாள எண், அட்சரேகை, தீர்க்கரேகை, களஆய்வு நடந்திருந்தால் அறிக்கையின் நகல், இந்தத் தாலுகாவில் திட்டமிட்ட தளங்கள், ஒவ்வொன்றும் நிற்கும் நிலை, தாமதக் காரணம். டவரின் ஆயத்தொலைவு கைக்கு வந்துவிட்டால், வரைபடத்தில் உங்கள் ஊருக்கும் அதற்கும் நடுவே உள்ள முகட்டைக் காட்டி அடுத்த மனுவை எழுதலாம்.

ஊராட்சி அலுவலகத்தில் தூங்கும் ஃபைபர்

பல ஊராட்சிகளில் பாரத்நெட் வந்து, ஒரு பெட்டி சுவரில் தொங்கும், இன்டர்நெட் இருக்காது. கேட்பதற்கு முன் பெட்டியைப் பாருங்கள். விளக்கே எரியவில்லையென்றால் மின்சாரம் அல்லது பேட்டரி. மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைக்கும் பழக்கம்தான் பெரும்பாலும் காரணம். 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கேபிள் அறுந்திருக்கிறது. சாலை அகலப்படுத்தும் ஜே.சி.பி., மழையில் விழும் மரம், கம்பத்தைச் சாய்க்கும் யானை என்று மலையில் இதற்குக் காரணம் பஞ்சமில்லை. விளக்கு சரி, வேகம் இல்லையென்றால் டெக்னீஷியனை ஒளியளவு பார்க்கச் சொல்லுங்கள், −27 டி.பி.எம்.க்குக் கீழே போயிருந்தால் எங்கோ ஒட்டு சரியில்லை. புகாரில் இந்த மூன்றில் எது என்று எழுதினால், வருகிற ஆள் சரியான சாமானோடு வருவார்.

இணைப்பு உயிரோடு இருந்தால் டீக்கடைக்காரரே பி.எம்.-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தின் முறையில் வைஃபை விற்கலாம். கடைக்காரருக்கு உரிமமோ பதிவுக் கட்டணமோ கிடையாது. டவர் வரும்வரை இது ஒரு தாங்கல்.

டவர் இயங்கத் தொடங்கிய பிறகு

எங்கும் சிக்னல் இருக்கும், ஒரு வீட்டில் மட்டும் வராது. முதலில் சிம்மைப் பாருங்கள். பழைய 2ஜி, 3ஜி பி.எஸ்.என்.எல். சிம் 4ஜி டவரில் வேலை செய்யாது, மாற்ற வேண்டும். அடுத்தது போன். பி.எஸ்.என்.எல். 4ஜி 700 மற்றும் 2100 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. மலையில் தூரம் போவது 700, அது பேண்ட் 28. பழைய போன்கள் பலவற்றில் அது இல்லை. பேச்சு மட்டும் வரவில்லையென்றால் போனில் வோல்டே (4ஜி வழியே பேசும் வசதி) அணைந்திருக்கும்.

ஏர்டெல், ஜியோ வைத்திருப்பவர்களும் இந்த நிதியில் போட்ட டவர்களைப் பயன்படுத்தலாம். வட்டத்துக்குள் ரோமிங் என்ற இந்த ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது. தானாகப் பிடிக்கவில்லையென்றால் ரோமிங்கை இயக்கி, நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

டவர் வேலியில் மாட்டிய பலகையில் உள்ள தள எண்ணை ரேஷன் கடைச் சுவரில் எழுதி வையுங்கள். கரண்ட் போய் எத்தனை நேரத்தில் டவர் அணைகிறது என்று முதல் மழைக்காலத்தில் ஒருவர் குறித்து வரட்டும். ஓட்டும் செலவையும் சேர்த்துத்தான் நிதியிலிருந்து கொடுக்கிறார்கள், அதனால் பேட்டரி செத்துவிட்டது என்பது நிறுவனம் சொல்லக்கூடிய காரணமல்ல. தள எண், அணைந்த தேதி, நேரம் மூன்றும் இருந்தால் சி.பி.கிராம்ஸ் புகார் நான்கு வரியில் முடிந்துவிடும்.